பாரிய செயற்றிட்டங்களும் தரவுப் பகுப்பாய்வாளர் பணியும்

பாலம், சுரங்கம், இருப்புப்பாதை முதலிய பாரிய உட்கட்டமைப்புச் செயற்றிட்டங்களில் பொறியியலாளரின் பங்கினை யாவரும் அறிவர். அவற்றின் செலவுத் தரவுகளைத் திரட்டி ஆராயும் பகுப்பாய்வாளரின் பணி அத்துணை அறியப்பட்டதன்று. அதன் இயல்பினை இங்கு சுருக்கமாக விளக்க முனைகின்றோம்.

20 நாடுகளைச் சேர்ந்த 258 போக்குவரத்துச் செயற்றிட்டங்களைப் பென்ற் ஃபிளைவ்பியாவும் அவர்தம் குழுவினரும் ஆராய்ந்து 2002இல் முடிவுகளை வெளியிட்டனர். பத்துத் திட்டங்களுள் ஒன்பதில் செலவு மதிப்பீட்டை விஞ்சியிருந்தது. சராசரி மிகை இருப்புப்பாதைகளுக்கு 45 வீதம்; பாலங்கள், சுரங்கங்களுக்கு 34 வீதம்; வீதிகளுக்கு 20 வீதம். எழுபதாண்டுக் காலத்தில் இப்போக்குக் குறையவுமில்லை. தவறு அறியாமையால் மட்டும் விளைந்ததாயின், மதிப்பீடுகள் சில கூடியும் சில குறைந்தும் அமைந்திருக்கும். அனுபவம் பெருகப் பெருகத் தவறும் அருகியிருக்கும். இரண்டும் நிகழவில்லை. எனவே, திட்டத்துக்கு அனுமதி பெறும் வேட்கையே மதிப்பீட்டைத் தாழ்த்துகின்றது என அவர்கள் கொண்டனர்.

இத்தகைய ஒப்பீட்டுக்கு இரு நிபந்தனைகள் உள. முதலாவது, விலையேற்றத்தை நீக்கி எல்லாச் செலவுகளையும் நிலையான விலையிற் கணித்தல். இரண்டாவது, கட்டுவதென முடிவெடுத்த வேளையிலிருந்த மதிப்பீட்டையே அடிப்படையாகக் கொள்ளல். பிற்பட்ட மதிப்பீட்டைக் கொள்ளின் மிகை மறைந்துவிடும்.

இதிலிருந்து எழுந்ததே ஒத்த திட்டங்களின் வரலாற்றைக்கொண்டு எதிர்வுகூறும் முறை. 1979இல் கானமன், துவேர்சுக்கி ஆகியோர் வெளியிட்ட கருத்தே இதற்கு மூலம். 2004இல் எடின்பரோ நகரின் இரண்டாம் டிராம் பாதைக்கு இது கையாளப்பட்டது. இடர் ஒதுக்கீட்டுடன் 320 மில்லியன் பவுண் என மதிப்பிடப்பட்டிருந்தது. மிகைச்செலவு நேரும் வாய்ப்பினை 20 வீதத்துக்குள் அடக்க வேண்டுமாயின் 400 மில்லியன் தேவையென ஆய்வு கூறிற்று. எனினும் உயர்த்திய தொகை வெளிப்படின், அதுவே செலவின் தொடக்கநிலை ஆகிவிடும் எனும் தடையும் உண்டு.

அந்நகரில் 2014இல் திறக்கப்பட்ட பாதை வேறொன்றாதலின், இரண்டையும் நேரே ஒப்பிடல் முறையன்று. ஆயினும் திட்டமிட்டதிலும் குறுகிய அப்பாதைக்கு 776 மில்லியன் பவுண் செலவாயிற்று. நகரசபை உறுப்பினர்க்குச் சரியான தகவல் அளிக்கப்படவில்லை என 2023இல் வெளியான விசாரணை அறிக்கை குறித்தது.

ஆகவே, எண்ணைக் கணித்தலோடு பகுப்பாய்வாளரின் கடன் முடிவதில்லை. முடிவெடுப்போருக்கு அதனை மறையாது உரைத்தலும் அக்கடனின் பாற்பட்டதே.