செல்லுக்குள் ஓர் உலா – 14: ஏறு தடம், இறங்கு தடம்

மூச்சுக்குழாயின் உட்சுவரில் சளியையும் தூசியையும் தொண்டைப் பக்கம் தள்ளிக்கொண்டே இருக்கும் குறு இழைகளைப் போன வாரம் பார்த்தோம். ஓர் இழையைக் குறுக்கே வெட்டினால் ஓரத்தைச் சுற்றி ஒன்பது இரட்டைக் குழல்கள், நடுவில் இரண்டு ஒற்றைக் குழல்கள். குழல்கள் அத்தனையும் டியூபுலின் என்ற புரதத்தை அடுக்கிக் கட்டியவை. அந்தச் செங்கல்லைச் சுமந்து வரும் சித்தாள்களைப் பற்றித்தான் இந்த வாரம்.

சிக்கல் இதுதான். இழை வளர்வது நுனியில். ஆனால் புரதம் தயாரிக்கும் ரைபோசோம் ஒன்றுகூட இழைக்குள் கிடையாது. எல்லாமே கீழே செல்லுக்குள் தயாராகி மேலே போக வேண்டும். எப்படிப் போகிறது?

1993-இல் யேல் பல்கலைக்கழகத்தில் ஜோயல் ரோசன்பாமின் ஆய்வகத்தில் கீத் கோஸ்மின்ஸ்கி என்ற இளம் ஆய்வாளர் அதைக் கண்ணால் பார்த்தார். அவர் எடுத்துக்கொண்டது கிளாமிடோமோனாஸ். தாவரவியல் ரெக்கார்டு நோட்டில் நாம் எல்லோரும் வரைந்த அதே பச்சைப் பாசிதான்: பேரிக்காய் உடல், கிண்ணம் போன்ற பசுங்கணிகம், தலையில் இரண்டு கசையிழைகள். கசையிழை என்றாலும் குறு இழை என்றாலும் உள்ளே கட்டுமானம் ஒன்றே. அடித்துக்கொண்டிருக்கும் இழைக்குள் எதையும் பார்க்க முடியாது. அதனால் இழை முடங்கிப்போன திரிபு ரகத்தைத் தேர்ந்தெடுத்தார். அசையாமல் நீட்டிக்கொண்டிருந்த இழையின் சவ்வுக்கடியில் சின்னச் சின்ன மேடுகள் ஊர்ந்தன. நுனியை நோக்கி வினாடிக்குச் சுமார் 2 மைக்ரான், திரும்பி வரும்போது சுமார் 3.5 மைக்ரான். இழையின் மொத்த நீளமே 12 மைக்ரான்தான் என்பதால் ஏற ஆறு வினாடி, இறங்க நான்குகூட ஆகாது. சுமையில்லாமல் இறங்குகிறவர் வேகம் என்று சொல்லத் தோன்றும். அப்படியல்ல, இழுக்கும் எஞ்சின் வேறு. ஏற்றுவது கைனசின், இறக்குவது டைனீன்.

கைனசின் பழுதான ஒரு ரகம் உண்டு. குளிர்ச்சியில் வைத்தால் ஒழுங்காக இருக்கும். சூட்டைக் கூட்டினால் எஞ்சின் நின்றுவிடும். அப்போது இழை இருந்த நீளத்தில் நிற்பதில்லை, மெல்ல மெல்லக் குட்டையாகிறது. முழுசாக வளர்ந்த இழையின் நுனியிலிருந்தும் டியூபுலின் உதிர்ந்துகொண்டேதான் இருக்கிறது. சரக்கு வந்து சேர்வதால்தான் நீளம் குறையாமல் நிற்கிறது. ரோசன்பாம் குழு 1969-இல் செய்த இன்னொரு சோதனை எனக்கு இதைவிடப் பிடிக்கும். இரண்டு இழைகளில் ஒன்றை மட்டும் துண்டித்தார்கள். அது வளரத் தொடங்கியதும், அடிபடாத மற்றது தானாகக் குட்டையானது. இரண்டும் ஒரே உயரத்துக்கு வந்த பிறகு, அண்ணன் தம்பி மாதிரிச் சேர்ந்தே பழைய நீளத்துக்கு வளர்ந்தன.

ஊர்ந்த அந்த மேடுகளைத்தான் இப்போது ரயில்கள் என்கிறார்கள். இழைக்குள் நடக்கும் இந்தப் போக்குவரத்துக்கு ஆங்கிலச் சுருக்கம் ஐஎஃப்டி. ஒவ்வொன்றிலும் இரண்டு புரதக் கூட்டணிகள்: ஆறு புரதங்கள் சேர்ந்த ஐஎஃப்டி-ஏ, பதினாறு சேர்ந்த ஐஎஃப்டி-பி. இவற்றில் பலவற்றின் உருவம் ஒரே பாணியில் இருக்கிறது. ஒரு முனையில் திருவிழாக் காற்றாடி போல் வட்டமாக மடிந்த இதழ்கள், அதன் பின்னால் சுருள் சுருளாக நீளும் வால். செல்லுக்குள் பொட்டலங்களைச் சுற்றும் உறைப் புரதங்களுக்கும் இதே சாயல். இரண்டுக்கும் மூதாதை ஒன்றாக இருக்கலாம் என்று பலர் கருதுகிறார்கள்.

டியூபுலினைப் பிடிக்கும் கை எது என்பதை ஜெர்மனியின் மார்ட்டின்ஸ்ரீடில் எஸ்பன் லொரென்ட்சன் குழு 2013-இல் காட்டியது. ஐஎஃப்டி-81 டியூபுலினின் உடலைப் பிடிக்கிறது. ஐஎஃப்டி-74 அதன் வாலைப் பிடிக்கிறது. மாட்டைப் பிடிக்கிற இரண்டு பேர் மாதிரி.

பாசியோடு நமக்கென்ன என்று கேட்பவர்களுக்கு ஒரு சுண்டெலி. சிறுநீரகம் முழுக்க நீர்க்கட்டி வந்து சாகும் எலி ரகம் ஒன்று. அதில் பழுதான மரபணு எதுவென்று தெரியும், அது என்ன வேலை செய்கிறது என்றுதான் தெரியவில்லை. 2000-இல் கிரெகரி பாசூர், ரோசன்பாம், ஜார்ஜ் விட்மன் ஆகியோர் பாசியின் ஐஎஃப்டி-88-ஐ அடையாளம் கண்டபோது இரண்டும் ஒன்றின் மறுபதிப்பு என்று தெரிந்தது. அந்த எலிகளின் சிறுநீரகச் செல்களைப் பார்த்தார்கள். குறு இழைகள் கட்டையாகக் கிடந்தன. அதுவரை சிறுநீரக இழையை வேலையற்ற மிச்சம் என்றே பலர் ஒதுக்கி வைத்திருந்தார்கள்.

இனி எனக்குப் பல நாள் உறுத்திய கேள்வி. ஒரே இழைக்குள் ரயில்கள் ஏறுகின்றன, இறங்குகின்றன. மோதிக்கொள்ளாதா? ஒற்றைத் தடத்தில் கிராஸிங்குக்காக அரை மணி நேரம் நின்ற அனுபவம் நமக்கு உண்டே. 2016-இல் டிரெஸ்டனில் லூடெக் ஸ்டெபானெக்கும் காயா பிஜினோவும் விடை சொன்னார்கள். இரட்டைக் குழலில் ஒன்று முழு வட்டம், பதின்மூன்று டியூபுலின் சரங்கள் கொண்டது. மற்றது அதன் தோளில் ஒட்டிய, பத்துச் சரம் கொண்ட பிறை. ஏறும் ரயில் பிறைக் குழலில் மட்டும், இறங்கும் ரயில் முழுக் குழலில் மட்டும். குழல் ஏன் இரட்டையாக இருக்கிறது என்ற பழைய கேள்விக்கும் பாதி விடை அதிலேயே கிடைத்தது.

அடுத்தது: இறக்கும் எஞ்சினான டைனீன் நுனிக்கு எப்படிப் போய்ச் சேர்கிறது? அதுவும் சரக்காகத்தான் போகிறது. ஏறும் ரயிலை உறைநிலையில் எலக்ட்ரான் நுண்ணோக்கியில் படமெடுத்து 2018-இல் பிஜினோ குழு வெளியிட்டது. டைனீன் கைகால் மடக்கி, தடத்தைத் தொடாத வாக்கில் ரயிலில் ஒட்டிக்கொண்டிருந்தது. விழித்திருந்தால் கைனசினோடு இழுபறிதான். அதே படத்தில், ஐஎஃப்டி-பி 6 நானோமீட்டருக்கு ஒன்று, ஐஎஃப்டி-ஏ 11-க்கு ஒன்று, டைனீன் 18-க்கு ஒன்று. பெட்டிக்குப் பெட்டி கணக்கு ஒத்துப்போகாத ரயில்.

நுனியை எட்டியதும் ரயில் என்ற உவமையே உடைந்துவிடுகிறது. எந்த ரயிலும் எஞ்சினை மாற்றிக்கொண்டு திரும்பும். இது அவிழ்ந்து போகிறது. கிளாமிடோமோனாஸில் கைனசின் கழன்று தானாக மிதந்து கீழே போய்விடும். மிச்சப் புரதங்கள் வேறு வரிசையில், வேறு மடிப்பில் கோத்துக்கொள்கின்றன. இறங்கும் ரயிலின் உருவம் 2024-இல் வெளியானபோது, அதே உறுப்புகளா என்று சந்தேகப்படும் அளவுக்கு மாறியிருந்தது. மடங்கிக் கிடந்த டைனீன் இப்போது தடத்தைப் பற்றியிருந்தது.

இறங்கும் ரயிலில் ஒட்டிக்கொண்டு வெளியேறும் பயணிகளுக்குத் தனியாக ஒரு நடத்துநர் உண்டு. எட்டுப் புரதங்கள் சேர்ந்த பிபிசோம். அது பழுதானால் பார்வை மங்கும், சிலருக்கு ஆறாம் விரல் முளைக்கும். அடுத்த வாரம் அவர்தான்.

(தொடரும்)