எல்.இ.டி. விளக்கு கருகுவது ஏன்?

பள்ளிக்கூடத்தில் விஞ்ஞானக் கண்காட்சி. பையன் அட்டையில் கோபுரம் செய்திருக்கிறான். உச்சியில் சிவப்பு எல்.இ.டி. விளக்கு. அதை 9 வோல்ட் பாட்டரியில் நேராக இணைக்கிறான்.

பளிச்! அருமையாக எரிகிறது. சிறிது நேரத்தில் அணைந்து விடுகிறது. அணைந்தது அணைந்ததுதான்.

"கடைக்காரர் ஏமாற்றிவிட்டார்" என்று பையன் அழுகிறான். கடைக்காரர் மீது குற்றம் இல்லை. விளக்குக்கும் பாட்டரிக்கும் நடுவே ஒரு ரெசிஸ்டர் போட்டிருக்க வேண்டும். பாடப் புத்தகத்தில் இதற்கு மின்தடை என்று பெயர். விலை? மிட்டாய் விலைதான்!

போதும் என்று சொல்லாத விளக்கு

பழைய டார்ச் பல்புக்கு இந்தக் காவல் தேவைப்படவில்லை. அதற்குள் மெல்லிய கம்பி இருக்கிறது. கம்பி சூடேறச் சூடேற அதன் தடை கூடும். மின்சாரம் ஓர் அளவோடு நின்று விடும்.

எல்.இ.டி.யின் குணம் நேர்மாறு. சிவப்பு விளக்குக்குச் சுமார் 2 வோல்ட் போதும். அதற்கு மேல் கொஞ்சம் கூடினாலும் மின்சாரம் பல மடங்கு பாயும். விளக்கு சூடாகும். சூடானால் இன்னும் அதிகம் பாயும். கடைசியில் கருகிவிடும்.

நீலம், வெள்ளை விளக்குகளுக்குச் சுமார் 3 வோல்ட் வேண்டும். நீல ஒளிக்கு சக்தி அதிகம் தேவை. அதை உண்டாக்குவதும் லேசாக இல்லை. சிவப்பு எல்.இ.டி.யை அமெரிக்காவில் நிக் ஹோலோனியாக் 1962-ல் செய்துவிட்டார். பிரகாசமான நீல விளக்கு வர இன்னும் 30 ஆண்டுகள் பிடித்தன. அதைச் செய்த மூவருக்கு 2014-ல் நோபல் பரிசு கிடைத்தது.

இரண்டே கணக்கு

கணக்கு என்றதும் பக்கத்தைப் புரட்டிவிடாதீர்கள். ஒரு கழித்தல், ஒரு வகுத்தல். அவ்வளவுதான்.

பாட்டரி 9 வோல்ட். விளக்குக்கு 2 போக, மீதி 7. இந்த 7 வோல்ட்டை ரெசிஸ்டர் தாங்க வேண்டும்.

சாதாரணச் சிறு விளக்கு 20 மில்லி ஆம்பியர் வரை தாங்கும். 15 போதும், வெளிச்சத்தில் பெரிய வித்தியாசம் தெரியாது. 7-ஐ 1,000-ஆல் பெருக்கி 15-ஆல் வகுத்தால் 467 ஓம். கடையில் 467 கிடைக்காது. அடுத்த பெரிய அளவான 470-ஐ வாங்குங்கள். சந்தேகம் வந்தால் எப்போதும் பெரியதையே எடுங்கள். விளக்கு சற்று மங்கலாம், கருகாது.

ரெசிஸ்டரின் மேல் எண் இருக்காது. வண்ணக் கோடுகள் இருக்கும். மஞ்சள் என்றால் 4. ஊதா 7. மூன்றாவது கோடு பழுப்பு என்றால் ஒரு சைபர். ஆக 470! கால் வாட் ரெசிஸ்டரே தாராளம்.

ரெசிஸ்டரை எப்படித் திருப்பிப் போட்டாலும் சரி. விளக்கு அப்படி அல்ல. அதன் நீளமான கால் பாட்டரியின் பிளஸ் பக்கம் போக வேண்டும்.

இதெல்லாம் பாட்டரிக்கு மட்டுமே. சுவர் பிளக்கில் 230 வோல்ட் வருகிறது. அங்கே இந்த விளையாட்டு கூடாது. உயிர் போய்விடும்!

கோபுரத்துக்கு மூன்று சிவப்பு விளக்கு வேண்டுமா? ஒன்றன்பின் ஒன்றாகக் கோத்துவிடலாம். மூன்றுக்கும் 6 வோல்ட் போக மீதி 3. 220 ஓம் ரெசிஸ்டர் ஒன்று போதும். பக்கத்தில் பக்கத்தில் வைத்து இணைப்பதானால், ஒவ்வொன்றுக்கும் தனித்தனியே 470 ஓம் போட வேண்டும். மூன்றுக்கும் பொதுவாக ஒன்றே போட்டால், ஒரு விளக்கு மற்றவற்றின் பங்கையும் சேர்த்து இழுத்துக்கொள்ளும்.