இருட்டுக்கும் ஒரு வரைபடம்

கொடைக்கானல் மலைக்கு சினிமா பெரும்பாலும் பாட்டு எடுக்கத்தான் ஏறி வந்திருக்கிறது. ஏரி, பைன் மரக்காடு, தூண் பாறை, சால்வை போர்த்திய கதாநாயகி. இந்த மலையின் இருண்ட இடங்களைத் தேடி வந்தவை 1991இல் வெளியான ‘குணா’ போல ஒன்றிரண்டு படங்கள்தான். டெவில்ஸ் கிச்சன் என்று பெயர் பெற்றிருந்த பாறைப் பிளவுகள் அந்தப் படத்துக்குப் பிறகு குணா குகையாகவே ஆகிப்போயின.

நான் பிறந்த பள்ளங்கிக்குப் பாட்டு எடுப்பவர்கள்கூட வருவதில்லை. வில்பட்டிப் பக்கம், சரிவில் வெட்டிய படிக்கட்டுத் தோட்டங்களுக்கு நடுவே இருக்கிற ஊர். பூண்டு, கேரட், உருளைக்கிழங்கு, பீன்ஸ் போடுவோம். மாலையில் பள்ளத்திலிருந்து பனி ஏறிவிட்டால் எதிர்வீட்டு விளக்கு ஒரு மஞ்சள் கறையாக மட்டும்தான் தெரியும். சிறுவயதில் அந்த நேரத்தில் கடைக்கு அனுப்பினால் எனக்குப் பயமாக இருக்கும். விஸ்காம் இறுதியாண்டில் குறும்படம் எடுக்க வேண்டும் என்று வந்தபோது அந்தப் பயத்தைத்தான் எடுக்க நினைத்தேன். அதற்கென்றே சினிமாவில் ஒரு வகை இருக்கிறது. ஃபிலிம் நுவார் என்பார்கள்.

1940களிலும் 50களிலும் அமெரிக்காவில் வந்த ஒரு வகைக் குற்றப்படங்கள் அவை. ‘தி மால்டீஸ் ஃபால்கன்’ (1941), ‘டபுள் இன்டெம்னிட்டி’ (1944) போன்றவை. இவற்றின் நாயகர்கள் பெரிய வீரர்களோ பெரிய வில்லன்களோ அல்ல. ‘டபுள் இன்டெம்னிட்டி’யின் நாயகன் இன்ஷூரன்ஸ் பாலிசி விற்பவன். ஆசைப்பட்டு ஓர் அடி எடுத்து வைக்கிறான். அதற்குப் பிறகு திரும்ப வழியில்லை. ஹாலிவுட்டில் இந்தப் படங்களை எடுத்தவர்கள் இவற்றுக்குத் தனிப் பெயர் வைத்துக்கொள்ளவில்லை. போர் முடிந்து அந்தப் படங்கள் மொத்தமாகப் பிரான்சுக்கு வந்தபோது, 1946இல் நினோ ஃப்ராங்க் என்ற விமர்சகர் அவற்றை ஃபிலிம் நுவார் என்ற பெயரால் அழைத்தார். அதுவே நிலைத்தது.

அந்தப் படங்கள் ஏன் அவ்வளவு இருட்டாக இருந்தன என்பதுதான் எங்களைப் போன்ற மாணவர்கள் கவனிக்க வேண்டிய விஷயம். ஹிட்லருக்குத் தப்பி வந்த ஜெர்மன், ஆஸ்திரியக் கலைஞர்கள் நிழலை வைத்துக் கதை சொல்லும் பழக்கத்தைக் கொண்டுவந்தார்கள். அது ஒரு காரணம். பணமில்லாதது இன்னொரு காரணம். போர்க்காலத்தில் அமெரிக்க அரசு, ஒரு படத்தின் புதிய செட்டுகளுக்கு 5,000 டாலருக்கு மேல் பொருள் வாங்கக் கூடாது என்று கட்டுப்பாடு போட்டது. கட்ட முடியாத சுவரை இருட்டில் விட்டார்கள். எட்கர் உல்மர் 1945இல் எடுத்த ‘டீடூர்’ மிகச் சிறிய கம்பெனியின் படம். அதில் காதலர் இருவர் நியூயார்க் தெருவில் நடந்து போகிறார்கள். தெருவே கிடையாது, புகையைக் கிளப்பி, ஒரு விளக்குக் கம்பத்தை நட்டு எடுத்தார்கள். இதைப் படித்த அன்று எங்கள் ஊர்ப் பனியை நினைத்து எனக்குத் தூக்கம் வரவில்லை. அவர்கள் காசு கொடுத்துக் கிளப்பிய பனி எங்களுக்கு வாசலுக்கே வருகிறது.

தமிழுக்கும் இதில் சொந்தமான ஒரு வரலாறு உண்டு. வீணை வித்வான் எஸ். பாலசந்தர் இயக்கி ஏவி.எம். தயாரித்து 1954இல் வந்த ‘அந்த நாள்’ படத்தில் பாட்டு இல்லை, நடனம் இல்லை, சண்டை இல்லை. துப்பாக்கிச் சத்தத்தோடு படம் தொடங்குகிறது. தொடக்கத்திலேயே சிவாஜி கணேசன் செத்து விழுகிறார். ஜப்பானியர் சென்னையில் குண்டு வீசிய காலம்தான் கதையின் பின்னணி. கொன்றது யார் என்று ஒவ்வொருவரும் சொல்லச் சொல்ல, ஒரே சம்பவம் வேறு வேறாக மாறுகிறது. குரோசாவாவின் ‘ரஷோமான்’ பார்த்த வேகத்தில் பாலசந்தர் எடுத்தது. மாருதிராவின் ஒளிப்பதிவை இன்றைக்கும் பிரேம் பிரேமாக நிறுத்திப் பார்க்கலாம். ஒரு முகத்தில் எவ்வளவு பகுதிக்கு வெளிச்சம் கொடுக்க வேண்டும் என்று அதிலிருந்துதான் நாங்கள் கற்றுக்கொண்டோம்.

படித்து முடித்த மாணவர்களுக்கு நம்பிக்கை கொடுத்த இன்னொரு படம் ‘ஊமை விழிகள்’. 1986 ஆகஸ்டில் வந்தது. ஆபாவாணன் தயாரிப்பு, அரவிந்தராஜ் இயக்கம், ரமேஷ்குமார் ஒளிப்பதிவு. அடையாறு திரைப்படக் கல்லூரியில் பயின்றவர்களின் கூட்டு முயற்சி. ‘இன்ஸ்டிட்யூட் பசங்க’ என்றால் கோடம்பாக்கம் தயங்கிய காலத்தில் விஜயகாந்த் அவர்களை நம்பி நடித்தார். சினிமாஸ்கோப்பில், இரவிலும் காற்றிலும் எடுத்த அந்தத் திகில் படம் பெரிய வெற்றி பெற்றது. பாடல்கள் இருந்ததால் அதை முழு நுவார் என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் மாணவர்களால் இருட்டைப் பெரிய திரையில் ஆள முடியும் என்று தமிழ்நாட்டுக்குக் காட்டியது அந்தப் படம்தான். 2011இல் வந்த ‘ஆரண்ய காண்ட’த்துக்கும் 2013இல் வந்த ‘ஓநாயும் ஆட்டுக்குட்டியும்’ படத்துக்கும் நீண்ட காலம் முன்பே அது நடந்துவிட்டது.

எங்கள் கதைக்கு வருகிறேன். தொப்பி, மழைக்கோட்டு, சிகரெட் புகை, துப்பறிவாளன் எதுவும் வேண்டாம் என்று முதல் நாளே முடிவு செய்தோம். பள்ளங்கியில் யார் தவறு செய்ய முடியும், எதற்காகச் செய்வார்கள் என்று யோசித்தோம். விடை பூண்டில் இருந்தது. கொடைக்கானல் மலைப்பூண்டுக்கு 2019இல் புவிசார் குறியீடு கிடைத்தது. இங்கே விளைவது கீழே வடுகபட்டிச் சந்தைக்கு இறங்குகிறது. விதைப்பூண்டுக்கு முன்பணம் வாங்குவார்கள், அறுவடையில் கழிப்பார்கள். நடுவே ஒரு கணக்கு நோட்டு. எங்கள் நாயகன் அந்த நோட்டை எழுதுகிறவன். கடனில் இருக்கும் ஒரு பெண்ணுக்காக ஒரு பக்கத்தைக் கிழிக்கிறான். மறுநாள் காலை, அந்தப் பக்கத்தைத் தேடியவர் ஓடையோரம் செத்துக் கிடக்கிறார். பதினைந்து நிமிடப் படம்.

பழைய ஹாலிவுட் நுவார்களில் ஆணைக் கெடுப்பவள் என்று ஒரு பெண் பல படங்களில் இருப்பாள். அந்தப் பழியை எங்கள் ஊர்ப் பெண்மேல் போட எனக்கு மனம் வரவில்லை. படத்தில் அவள் எதையும் கேட்கவில்லை, அவன்தான் கிழிக்கிறான். கதை எழுதும் மாணவர்கள் இந்த இடத்தில் நின்று யோசிக்க வேண்டும். இந்த வகையின் அடையாளங்கள் எல்லாவற்றையும் அப்படியே எடுத்துவந்தால் வேறு ஊரின் படத்தைத்தான் எடுத்திருப்போம்.

திட்டமிடும்போது மற்றக் குறும்படங்களுக்கு ஷாட் டிவிஷன் எழுதுவார்கள்: வைட், மிட், க்ளோசப். நாங்கள் ஒவ்வொரு ஷாட்டுக்கும் இன்னொரு கேள்வி சேர்த்தோம்: இதில் எது தெரியக் கூடாது? கதை நடக்கும் பூண்டுக் கொட்டகையை மேலிருந்து பார்ப்பதுபோல் வரைந்து, விளக்கு எங்கே, ஆள் எங்கே, கேமரா எங்கே என்று குறித்தபின், இருட்டாக விட வேண்டிய பகுதியைப் பென்சிலால் கறுப்பாக்கினோம். ஒளிப்பதிவு செய்த தோழி அந்தத் தாள்களை வைத்துத்தான் வேலை செய்தாள். விளக்கு வாங்கக் காசில்லாதவர்களுக்கு இதைவிடப் பயனுள்ள பயிற்சி எனக்குத் தெரியவில்லை. கறுப்பாக்கிய இடத்துக்கு விளக்கும் தேவையில்லை, செட் ப்ராப்பர்டியும் தேவையில்லை.

நிழலின் விளிம்பு கூர்மையாக விழ வேண்டுமானால் ஒளி புறப்படும் இடம் சிறியதாக, பொருளிலிருந்து தள்ளி இருக்க வேண்டும். பெரிய எல்இடி பேனலை அருகில் வைத்தால் நிழல் கரைந்துவிடும். அதனால் வாடகைக்குக் கிடைத்த பேனல்களை வேண்டாம் என்று சொல்லிவிட்டு ஒரு ஹாலஜன் விளக்கும் ஒரு நல்ல டார்ச்சும் எடுத்துக்கொண்டோம். நுவார் படங்களில் ஜன்னல் பலகைகளின் நிழல் முகத்தில் கோடுகோடாக விழும். எங்களுக்கு அதைப் பூண்டுக் கொட்டகையின் மூங்கில் தட்டி கொடுத்தது. வேண்டாத இடத்துக்குப் போகும் ஒளியை வெட்டக் கறுப்புத் துணி. நம் நாட்டு மின்சாரம் நொடிக்கு 50 சுழற்சி என்பதால் ஷட்டரை 1/50இல் வைத்தோம். இல்லாவிட்டால் சில பல்புகள் படத்தில் துடிக்கும்.

செல்போனில் எடுப்பவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். இருட்டைப் பார்த்ததும் போன் தானாகவே வெளிச்சத்தை ஏற்றும். கறுப்பு சாம்பலாகி, மணல் மணலாகப் புள்ளி விழும். எக்ஸ்போஷரைப் பிரகாசமான இடத்துக்கு வைத்துப் பூட்டிவிடுங்கள். மற்றது இருளில் மூழ்கட்டும். கறுப்பு வெள்ளை என்று முடிவு செய்தால் அதையும் எடுப்பதற்கு முன்பே செய்யுங்கள். கலரில் சிவப்புச் சேலையும் பச்சைச் சுவரும் தனித்தனியாகத் தெரியும்; கறுப்பு வெள்ளையில் இரண்டும் ஒரே சாம்பலாகி ஆள் சுவரோடு ஒட்டிவிடலாம். நாங்கள் என் அப்பத்தாவின் பெட்டியிலிருந்த சேலைகளை ஒவ்வொன்றாக மானிட்டரில் கறுப்பு வெள்ளையாகப் பார்த்துத்தான் தேர்ந்தெடுத்தோம்.

பனி தனிப் பாடம். விளக்கைக் கேமரா பக்கத்திலிருந்து அடித்தால் பனி வெள்ளைச் சுவராக எழும்பி எதையும் காட்டாது. அதே விளக்கை ஆளுக்குப் பின்னால் வைத்துக் கேமரா பக்கம் திருப்பினால் ஆள் கரிய உருவமாக நிற்பான், அவனைச் சுற்றிப் பனி ஒளிரும். பெரியப்பாவின் பிக்கப் வண்டி ஹெட்லைட்டை அப்படித்தான் பயன்படுத்தினோம். ஹாலிவுட்டில் இரவுக் காட்சிக்கு முன் தெருவில் தண்ணீர் அடிப்பார்கள், ஈரத் தரை ஒளியைத் திருப்பிக் கொடுக்கும் என்று. எங்கள் சிமென்ட் ரோட்டைப் பனியே நனைத்து வைத்திருந்தது. ஆனால் பனிக்குக் கன்டினியூட்டி கிடையாது. சில நிமிடங்களில் கலைந்துவிடும், திரும்ப எப்போது வரும் என்று யாராலும் சொல்ல முடியாது. பனி இருக்கும்போது வைட் ஷாட்டுகளை மட்டும் எடுத்தோம். க்ளோசப்புகளுக்குப் பின்னணி முழுக் கறுப்பு என்று முன்பே எழுதி வைத்திருந்ததால் அவற்றைப் பனி கலைந்தபின் எடுக்க முடிந்தது. குளிரில் பேட்டரி சீக்கிரம் இறங்கும், அதைச் சட்டைக்குள் வைத்துக்கொள்ளுங்கள். வெளியே குளிர்ந்த கேமராவை அடுப்பெரியும் வீட்டுக்குள் அப்படியே கொண்டுபோனால் லென்ஸ் வியர்த்துவிடும். பைக்குள் மூடிவைத்து, வீட்டுச் சூட்டுக்கு வந்தபிறகு திறக்க வேண்டும்.

அனுமதி விஷயத்தைக் கதை எழுதும்போதே யோசிக்க வேண்டும். காப்புக்காட்டுக்குள் படம்பிடிக்க வனத்துறை அனுமதி வேண்டும். அதனால் கதை முழுவதையும் பட்டா நிலத்துக்குள் அடக்கினோம். ஓடைகூடச் சித்தப்பாவின் தோட்டத்தின் ஓரத்தில் ஓடுவதுதான். வெளியூர் வாகனங்களுக்கு 2024 மே 7 முதல் கொடைக்கானலுக்கு இ-பாஸ் நடைமுறை இருக்கிறது. மதுரையிலிருந்து வந்த தோழர்கள் அதை எடுத்துக்கொண்டு ஏறினார்கள். இரவில் காட்டுமாடு தோட்டத்துக்கு வரும். ஓர் ஆளை வெறும் காவலுக்கு என்றே நிறுத்தினோம். அவன் கையசைத்தால் விளக்கை அணைத்துவிட்டு வீட்டுக்குள் போய்விட வேண்டும், எவ்வளவு நல்ல ஷாட்டாக இருந்தாலும். இந்த விதியை எந்தக் குழுவும் தளர்த்தக் கூடாது.

நடிகர்களுக்கு நாங்கள் செலவழித்தது நேரம் மட்டும்தான். கிறிஸ்டோபர் நோலன் தன் முதல் படமான ‘ஃபாலோயிங்’கை (1998) வேலைக்குப் போகும் நண்பர்களை வைத்து, சனிக்கிழமைகளில் மட்டும் ஏறக்குறைய ஒரு வருடம் எடுத்தார். ஃபிலிம் வாங்கப் பணம் போதாததால், நாடகம்போல் முழுக் காட்சியையும் ஒத்திகை பார்த்து ஒன்றிரண்டு டேக்கில் முடித்தார். மெமரி கார்டு இருக்கிற நமக்கு அந்தக் கட்டாயம் இல்லை. ஆனால் இருட்டில் நடிப்பவர்களுக்கு ஒத்திகை தேவை. ஒரு சாண் விலகினால் முகம் ஒளியை விட்டுப் போய்விடும். தரையில் கல் வைத்துக் குறித்து, பகலிலேயே கண்ணை மூடி நடக்கச் சொல்லிப் பழக்கினோம்.

ஊர் இதையெல்லாம் எப்படி எடுத்துக்கொண்டது? தெருவில் நாலைந்து வீடுகளின் வாசல் விளக்குகள் எரிந்தால் எங்கள் இருட்டு கெட்டுவிடும். வீடு வீடாகப் போய்க் கேட்டேன். பக்கத்து வீட்டு அத்தை, “ஏம்மா, எல்லாரும் லைட்டைப் போடச் சொல்லித்தானே கேப்பாங்க, நீ அணைக்கச் சொல்ற?” என்றார். கதையைச் சொன்னேன். கணக்கு நோட்டில் பக்கம் கிழிகிற இடம் வந்ததும் அவர் முகம் மாறிவிட்டது. “அப்படி ஒருத்தன் கிழிச்சிருந்தா எங்க அப்பா நிலம் போயிருக்காது” என்றார். அந்த வரியைக் கதையில் சேர்த்தோம். அவரையே பேசவும் வைத்தோம். படத்தின் உயிரான காட்சி அதுதான் என்பது என் முடிவு.

விஸ்காம் துறை ஆசிரியர்கள் ஒவ்வொரு வருடமும் ‘அந்த நாள்’ படத்தை வகுப்பறைப் புரொஜெக்டரில் முழுதாகப் போட்டுக் காட்ட வேண்டும். துண்டு துண்டாகக் காட்டக் கூடாது. மாணவர்கள் தங்கள் ஊர்க் கணக்கு நோட்டுகளைத் திறந்து பார்க்க வேண்டும், குற்றக் கதை அங்கேதான் இருக்கிறது. ஊர்க்காரர்களிடமும் ஒரு வேண்டுகோள். உங்கள் தெருப் பிள்ளைகள் கேமராவோடு வந்து வாசல் விளக்கை ஒரு மணி நேரம் அணைத்துத் தரச் சொன்னால், காரணம் கேட்டுக்கொண்டு அணைத்துக் கொடுங்கள்.