மருந்துச் சோதனையும் உழைச்செல்வானும்

மருத்துவத் துறையை நாடும் மாணவர் பலர்க்கு மருத்துவர் ஒருவரே கண்முன் தோன்றுவர். நாடி பிடித்துப் பாராமலே நோயை வெல்லத் துணைநிற்கும் பணிகளும் பல உள. புதிய மருந்தொன்றை மனிதரிடத்துச் சோதிக்கும் முயற்சியை முன்னின்று நடத்துதல் அவற்றுள் ஒன்று. அன்புவழிபுரத்தில் எமது இல்லத்துக்குப் பாடங் கேட்க வரும் மாணவன் ஒருவன், உயிரியல் தொழினுட்ப நிறுவனமொன்றில் இப்பணி புரியும் தன் மாமனைப் பற்றிக் கூறிவிட்டு, "இது மனிதரை எலிகளாக்கும் வேலைதானே, சேர்?" என வினவினான். அவ்வினா எம்மைச் சிந்திக்க வைத்தது.

திருவள்ளுவர் 'மருந்து' என்னும் அதிகாரத்தை முடிக்குமிடத்து, மருத்துவத்தை நான்கு உறுப்புடையதாக வகுத்தார். நோயாளியும் மருத்துவனும் மருந்தும் போக, நான்காவதாக அவர் வைத்தது உழைச்செல்வானை. உழை என்பது பக்கம். நோயாளியின் பக்கத்திலிருந்து, மருந்து காலந்தவறாது சேரும்படி செய்பவனே உழைச்செல்வான். மருந்துச் சோதனையை நடத்துவோனை இந்நான்காம் உறுப்பாகவே யாம் காண்கின்றோம்.

ஒரு மருந்தை உண்டவர் குணமடைந்தார் என்பதனால் மட்டும் அம்மருந்தே குணமாக்கியது எனத் துணிதல் இயலாது. உணவும் ஓய்வும் காரணமாகலாம். நோய் தானே தணிந்திருக்கவுங் கூடும். ஆதலின் ஒத்த நோயாளரை இரு பிரிவாக்கி ஒப்பிடுவர். எவர் எப்பிரிவினர் என்பதை மருத்துவரின் விருப்பத்துக்கு விடாது, திருவுளச்சீட்டுப் போன்ற முறையால் தீர்மானிப்பர். சயரோகத்துக்கான ஸ்ரெப்ரோமைசின் மருந்தைப் பிரித்தானிய மருத்துவ ஆராய்ச்சிச் சபை இவ்வாறு சோதித்து, 1948 இல் முடிவை வெளியிட்டது. ஆறு மாதத்துள், மருந்து பெற்ற 55 பேருள் நால்வரும், படுக்கையோய்வு மட்டும் பெற்ற 52 பேருள் பதினால்வரும் இறந்தனர். ஆயினும், ஓய்வுப் பிரிவினருக்குத் தாம் சோதனைக்குட்பட்டிருத்தல் அறிவிக்கப்படவில்லை. எம் மாணவனின் அச்சம் காரணமற்றதன்று என்பதற்கு இது சான்று.

அந்நோயைப் பற்றியே எமக்கு அண்மையிலுள்ள சென்னையிலும் ஒரு சோதனை நிகழ்ந்தது. ஆரோக்கியசாலையில் ஓராண்டு தங்கி, நல்லுணவும் ஓய்வும் பெற்றாலன்றிச் சயரோகம் தீராதென உலகம் நம்பியிருந்த காலம் அது. ஏழைகட்கு அத்துணைப் படுக்கைகள் எங்கே? 1956 இல் நிறுவப்பட்ட சென்னைச் சயரோக மருந்துச்சிகிச்சை நிலையம், வொலஸ் பொக்ஸ் என்னும் மருத்துவரின் தலைமையில் இவ்வினாவை ஆராய்ந்தது. 193 நோயாளர் இரு பிரிவாக்கப்பட்டனர். ஒரு சாரார் ஆரோக்கியசாலையிலும் மறுசாரார் நெருக்கடி மிகுந்த தம் வீடுகளிலும் தங்கி, ஓராண்டு ஒரே மருந்துகளை உண்டனர்.

இங்கேதான் உழைச்செல்வாரின் அருமை விளங்கும். வீட்டிலிருப்போர் குளிசைகளை உண்கின்றனரா என்பதை எவ்வாறு அறிவது? பணியாளர் முன்னறிவிப்பின்றி வீடுகட்குச் சென்று எஞ்சிய மருந்தை எண்ணினர், சிறுநீரையும் சோதித்தனர். 1959 இல் வெளியான முடிவின்படி, ஆரோக்கியசாலைப் பிரிவில் நூற்றுக்கு 92 பேரும் வீட்டுப் பிரிவில் 86 பேரும் நற்பயன் பெற்றிருந்தனர். வீட்டிலிருந்த நோயாளரால் குடும்பத்தார்க்குக் கூடுதல் தீங்கு நேரவில்லை என்பதும் தொடர்ந்து கவனித்ததில் தெளிவாயிற்று. ஏழைகள் தம் குடும்பத்தைப் பிரியாமலே நலம்பெற வழி பிறந்தது. வீடு வீடாய் நடந்த கால்களின்றி இவ்வுண்மை வெளிப்பட்டிராது.

இன்று நிறுவனங்களில் இப்பணிக்குத் தலைமை தாங்குவோர் செய்வதும் இதுவே. சோதனையின் திட்டத்தை எழுத்தில் வகுத்தல், வைத்தியசாலைகளைத் தெரிதல், மருந்தை உரிய குளிர்நிலையிற் பேணி அனுப்புதல், குறிப்பேடுகளை ஒப்புநோக்குதல், தீங்கு நேரின் உடன் அறிவித்தல் என்பன அவர்தம் கடன். இவற்றினும் தலையாயது நோயாளரின் சம்மதம். 1964 இல் உலக மருத்துவச் சங்கம் கெல்சிங்கியிற் செய்த பிரகடனம் இதனை வலியுறுத்திற்று. விளங்கும் மொழியில் யாவும் கூறப்பட்டு, வற்புறுத்தலின்றி ஒப்பியவரே சேர்க்கப்படுவர். விரும்பும்போது விலகவும் அவர்க்கு உரிமையுண்டு. எமது நாட்டிலும் மருந்துச் சோதனைகளைப் பதியும் பதிவேடு 2006 முதல் உண்டு. கேளாது பயன்படுத்தப்படுவது எலி. கேட்டறிந்து ஒப்புபவன் மனிதன். இதுவே எம் மாணவனுக்கு யாம் கூறிய விடை.

யாம் கூறாது விட்டதும் ஒன்றுண்டு. சில ஆண்டுகட்கு முன் எமது ஒழுங்கையில் அயலவர் ஒருவர் சயரோகத்துக்கு ஆறு மாதம் உண்ண வேண்டிய மருந்தை, உடல் தேறியதென எண்ணி, இரண்டாம் மாதத்திலேயே நிறுத்தினார். யாம் அதனை அறிந்திருந்தும், பிறர் நோயை வினவுதல் பண்பன்று எனக் கருதி வாளாவிருந்தோம். நோய் மீண்டு, அவர் நெடுநாள் வருந்தினார். மருந்தும் இருந்தது, மருத்துவரும் இருந்தார். உழைச்செல்வானாக நாலு வீடு கடந்து செல்ல எமக்குக் கால் எழவில்லை.

மருத்துவக் கல்லூரிக்கு இடங் கிடையாத மாணவர், மருத்துவத்தின் வாயில் முற்றாக அடைபட்டதென மனந்தளர வேண்டா. நான்காம் உறுப்புக்கும் ஆட்கள் வேண்டும். கணக்கில் நேர்மையும், தமிழில் விளங்கவுரைக்கும் வன்மையும், ஒரு வீட்டையும் தவறவிடாத பொறுமையும் உடையோர் அப்பணிக்கு உரியோராவர்.