பீடிப் பழக்கம் பரம்பரைச் சொத்தா?

"தாத்தா பீடி பிடித்தார். அப்பா பீடி பிடித்தார். எனக்கும் வந்துவிட்டது. ரத்தத்தில் ஊறியதை எப்படி விடமுடியும்?"

டீக்கடை பெஞ்சில் இப்படிப் பேசுகிறவர்கள் உண்டு.

அவர்கள் சொல்வது உண்மையா?

பாதி உண்மை! ஆனால் அந்தப் பாதியை நம்பி பீடியை விடாமல் இருந்தால், உயிருக்கே ஆபத்து!

4 மடங்கு ஆபத்து

கள்ளக்குறிச்சி மாவட்டத்தில் இருக்கிறது ரிஷிவந்தியம். அர்த்தநாரீசுவரர் கோவிலால் பெயர் பெற்ற ஊர். 2019-ம் ஆண்டில் கள்ளக்குறிச்சி தனி மாவட்டம் ஆயிற்று. அதற்கு முன் இந்த வட்டாரம் விழுப்புரம் மாவட்டத்தில் இருந்தது.

அந்த விழுப்புரம் மாவட்டத்தில் ஒரு பெரிய ஆராய்ச்சி நடந்தது. சென்னை டாக்டர் கஜலட்சுமி, இங்கிலாந்து நிபுணர் ரிச்சர்டு பீட்டோ முதலியோர் அதை நடத்தினார்கள். நகரத்துக்குச் சென்னை, கிராமத்துக்கு விழுப்புரம் மாவட்டம் என்று எடுத்துக்கொண்டார்கள்.

1990-களின் பிற்பகுதியில் இறந்துபோன சுமார் 43 ஆயிரம் ஆண்களைப் பற்றி விசாரித்தார்கள். "அவருக்குப் புகை பிடிக்கும் பழக்கம் உண்டா? எந்த நோயால் இறந்தார்?" என்று குடும்பத்தாரிடம் கேட்டார்கள். உயிருடன் இருந்த 35 ஆயிரம் ஆண்களோடு கணக்கை ஒப்பிட்டார்கள்.

முடிவு 2003-ம் ஆண்டில் வெளிவந்தது. புகை பிடிப்பவர்கள் காசநோயால் சாகும் ஆபத்து, பிடிக்காதவர்களைவிட சுமார் 4 மடங்கு! மாரடைப்பாலும் புற்றுநோயாலும் சாகிறவர்களும் அதிகம்.

கிராமத்தில் பெரும்பாலோர் பிடித்தது பீடிதான். "சிகரெட்தான் கெடுதல். பீடி வெறும் இலைதானே!" என்று இனி யாரும் சொல்ல முடியாது.

மேதை சொன்ன சாக்கு

"பரம்பரை" என்று சாக்குச் சொன்னவர்கள் டீக்கடையில் மட்டும் இல்லை. உலகப் புகழ்பெற்ற ஒரு மேதையும் சொன்னார்!

அவர் பெயர் ரொனால்டு பிஷர். இங்கிலாந்தைச் சேர்ந்த புள்ளிவிவர நிபுணர். ஓயாமல் 'பைப்' பிடிப்பவர்.

"புகை பிடித்தால் நுரையீரலில் புற்றுநோய் வரும்" என்று 1950-ம் ஆண்டில் டாக்டர்கள் எச்சரித்தார்கள். பிஷர் அதை ஒப்புக்கொள்ளவில்லை. 1958-ம் ஆண்டில் இரட்டைப் பிள்ளைகளின் கணக்கை எடுத்துக் காட்டினார். ஒரே அச்சாகப் பிறந்த இரட்டையரில் ஒருவர் புகை பிடித்தால், மற்றவரும் பிடிப்பது அதிகமாக இருந்தது. சாயல் வேறான இரட்டையரிடம் இந்த ஒற்றுமை குறைவு.

"பார்த்தீர்களா? புகை பிடிக்கும் ஆசை பிறவியிலேயே இருக்கிறது. புற்றுநோயும் அப்படியே இருக்கலாம். புகைமேல் ஏன் பழி?" என்பது அவர் வாதம்.

ஆசையில் பரம்பரைக்குப் பங்கு உண்டு என்றாரே, அது சரி. புகைமேல் பழி இல்லை என்றாரே, அது தவறு! புகைதான் புற்றுநோயை உண்டாக்குகிறது என்பது பிறகு சந்தேகம் இல்லாமல் நிரூபிக்கப்பட்டது.

உடம்புக்குள் நடப்பது என்ன?

புகையிலையில் உள்ள நஞ்சு நிக்கோடின். புகையை இழுத்த சில விநாடிகளில் அது மூளைக்குப் போய்விடுகிறது. அங்கே ஒரு இன்பத்தை உண்டாக்குகிறது. பிறகு ஈரல் அதை மெல்ல மெல்ல அழிக்கிறது. நிக்கோடின் குறையக் குறைய மனம் மறுபடியும் பீடியைத் தேடுகிறது.

ஈரலின் வேகம் எல்லோருக்கும் ஒன்றாக இருப்பது இல்லை. தாய் தந்தையிடம் இருந்து வரும் மரபணு ('ஜீன்') அதைத் தீர்மானிக்கிறது. சிலருக்கு நிக்கோடின் வேகமாக அழியும். அவர்களுக்கு அடுத்த பீடி சீக்கிரம் தேவைப்படும்; விடுவதும் கடினம். மெதுவாக அழிகிறவர்கள் கொஞ்சம் சுலபமாக விட்டுவிடுகிறார்கள்.

மூளையில் நிக்கோடின் வந்து ஒட்டும் இடத்தையும் ஒரு மரபணு அமைக்கிறது. அதில் உள்ள மாறுதல் சிலரை அதிகமாகப் புகைக்க வைக்கிறது என்று 2008-ம் ஆண்டில் கண்டுபிடித்தார்கள்.

இந்தப் பழக்கத்துக்கு அடிமை ஆவதில் ஆளுக்கு ஆள் வித்தியாசம் இருக்கிறது அல்லவா? அந்த வித்தியாசத்தில் ஏறக்குறைய பாதிக்குப் பரம்பரை காரணம் என்பது ஆராய்ச்சியாளர்களின் கணக்கு.

அண்ணனும் தங்கையும்

மற்றப் பாதி?

ஒரே தாய் வயிற்றில் பிறந்த அண்ணனையும் தங்கையையும் பாருங்கள். இருவருக்கும் மரபணு வந்தது ஒரே தாய் தந்தையிடம் இருந்துதான். அண்ணன் பீடி பிடிக்கிறான். தங்கை தொடுவது இல்லை! இந்தியாவில் 2016-17-ல் எடுத்த கணக்குப்படி, ஆண்களில் 100-க்கு 19 பேர் புகை பிடித்தார்கள். பெண்களில் 2 பேர்தான்!

காரணம் ரத்தம் அல்ல, சுற்றுப்புறம்! "பையன்தானே" என்று ஊர் கண்டுகொள்வது இல்லை. கூட்டாளி நீட்டுகிறான். கடையில் ஒற்றை சிகரெட் கிடைக்கிறது. பீடி வாங்கி வர மகனையே அனுப்பும் தகப்பனாரும் உண்டு.

18 வயது ஆகாதவருக்குப் புகையிலை விற்பது சட்டப்படி குற்றம். பள்ளிக்கூடத்தில் இருந்து 100 கெஜத்துக்குள் விற்பதும் குற்றம். பற்றவைக்காத பீடியை எந்த மரபணுவும் புகைக்க வைக்காது!

விடுவது எப்படி?

ஒரு நாளைக் குறித்துக்கொள்ளுங்கள். வீட்டில் சொல்லிவிடுங்கள். மிச்சம் இருக்கும் பீடிக்கட்டை எறிந்துவிடுங்கள்.

முதல் வாரம் கடினம். எரிச்சல் வரும், தூக்கம் கெடும். மனைவி மக்கள் அதைப் பொறுத்துக்கொள்ள வேண்டும். சில வாரங்களில் அது அடங்கிவிடும். ஆசை எழும்போது சில நிமிடங்கள் தள்ளிப்போடுங்கள். தண்ணீர் குடியுங்கள். எழுந்து நடங்கள். அது தணிந்துவிடும்.

முடியவில்லையா? டாக்டரிடம் போங்கள். நிக்கோடின் 'சூயிங்கம்', மாத்திரைகள் இருக்கின்றன. ஒருவருக்குப் பலித்தது மற்றவருக்குப் பலிக்காமல் போகலாம். உடல்வாகு வேறு அல்லவா? ஒரு முறை தோற்றால் வேறு வழியில் மறுபடியும் முயல வேண்டும்.

1800-11-2356 என்ற எண்ணில் இலவசமாக ஆலோசனை கேட்கலாம்.

இங்கிலாந்து டாக்டர்களை 50 ஆண்டுகள் கவனித்து 2004-ம் ஆண்டில் ஒரு கணக்கு வெளியிட்டார்கள். 60 வயதில் விட்டவருக்கும் சுமார் 3 ஆண்டு ஆயுள் மிச்சம்! 50 வயதில் விட்டால் 6 ஆண்டு. 40 வயதில் விட்டால் 9 ஆண்டு. 30 வயதில் விட்டால் 10 ஆண்டு!

தாத்தா கொடுத்த ரத்தத்தை மாற்ற முடியாது. மகன் கண்ணில் படுவது எது என்பதை மாற்ற முடியும். அது தகப்பனார் கையில் இருக்கிறது!