மரவள்ளிக்கிழங்குக் காலத்தில் ஒரு சாப்பாட்டு மேசை

பெர்மாஸ் ஜெயாவில், செனிபோங் கடலோர மீன் உணவுக் கடைகளுக்கு எதிரே நீரிணைக்கு அப்பால் தெரிவது சிங்கப்பூரின் செம்பவாங். 1942 தொடக்கத்தில் அங்கே பிரிட்டிஷ் கடற்படைத் தளத்தின் எண்ணெய்த் தொட்டிகள் எரிந்துகொண்டிருந்தன. இந்தக் கரையில் ஜப்பான்காரன். பிப்ரவரி 15இல் சிங்கப்பூர் விழுந்தது. பிறகு மூன்றரை வருடம் மரவள்ளிக்கிழங்குதான் சோறு. ஜப்பான்காரன் அச்சிட்ட வாழைமர நோட்டுக்கு மதிப்பில்லை. பல்லாயிரம் தோட்டத் தமிழர் சயாம் ரயில் பாதைக்குப் போனார்கள், திரும்பாதவர்கள் ஏராளம்.

1942இன் அந்த முதல் மாதங்களில், கிழக்குப் பிரஷ்யக் காட்டுக்குள் இருந்த தலைமையகத்தில், ஹிட்லர் சைவச் சாப்பாட்டை முடித்துவிட்டு நள்ளிரவு தாண்டியும் பேசிக்கொண்டிருந்தார். எதிரில் இருந்தவர்களுக்குத் தலையாட்டும் வேலைதான். அவருடைய கையாள் போர்மான் ஏற்பாட்டில் ஹைம், பிக்கர் என்ற இருவர் அந்தப் பேச்சைக் குறிப்பெடுத்தார்கள். நம்மவர்கள் அவசியம் படிக்கவேண்டியது அதில் இந்தியா வரும் இடங்களை. கைப்பிடியளவு வெள்ளையர் கோடிக்கணக்கானவர்களை அடக்கி ஆள்வதை அவர் மெச்சுகிறார். ரஷ்யாவையும் அப்படியே ஆளவேண்டும் என்கிறார். அங்குள்ளவர்களுக்குச் சாலைக்குறி படிக்கத் தெரிந்தால் போதுமாம், அதற்குமேல் படிப்பு எதற்கு? பால்மரக் காட்டில் பிறந்தவர்களுக்கு இந்தக் குரல் புதிதல்ல. துரை பங்களாவிலும் கேட்டதுதான்.

அன்று இதெல்லாம் லயத்துக்கு எட்டவில்லை. வெள்ளையனை அடிக்கிறவன் நல்லவன், அவ்வளவுதான் கணக்கு. 1943 ஜூலையில் நேதாஜி சிங்கப்பூர் வந்ததும் பால்மரம் வெட்டிய கைகள் துப்பாக்கி ஏந்தின. அந்தத் துணிச்சலைக் குறை சொல்ல எனக்கு வாய் வராது. ஆனால், ஹிட்லர் மட்டும் இல்லாவிட்டால் வெள்ளைக்காரன் போயிருப்பானா என்று இன்றும் மாமாக் கடையில் தே தாரிக்கை ஆற்றிக்கொண்டே கேட்பவர்கள் இருக்கிறார்கள். போர் பிரிட்டனை ஓட்டாண்டியாக்கியது உண்மை. அதற்காக அந்த ஆள் நம் பக்கம் நின்றதாகிவிடுமா?

ஹைம், பிக்கர் எடுத்த அந்த மேசைக் குறிப்புகள் ஜெர்மனில் 1951இல், ஆங்கிலத்தில் 1953இல் நூலாயின. ஆங்கிலப் பதிப்பு பெரும்பாலும் பிரெஞ்சு வழியாக வந்தது. சொல்லுக்குச் சொல் நம்பக்கூடாது என்று ஆய்வாளர்கள் எச்சரிக்கிறார்கள். சரி, அதை ஒதுக்கியே வைப்போம். இந்தியா வேறு எவர் கையிலும் இருப்பதைவிட ஆங்கிலேயர் கையில் இருப்பதே மேல் என்று 1920களில் தன் பெயரிலேயே நூலில் எழுதி அச்சிட்டவர் ஹிட்லர். 1942 மே மாதச் சந்திப்பில் நேதாஜி அந்த நூலில் இந்தியா பற்றிய பகுதிகளை அவரிடம் நேரிலேயே சுட்டிக்காட்டினார். ஹிட்லர் மழுப்பினார், இந்திய விடுதலையை ஆதரித்து அறிக்கை விடவும் மறுத்துவிட்டார்.