அண்ணன் என்னும் பெயர்: ஆர்வெல் நாவலில் அரசும் குடும்பமும்

மக்களின் புறவாழ்வை ஆள்வதோடு அமையாத அரசு அவர்தம் எண்ணத்தையும் ஆள முற்படின் யாது நிகழும் என்பதைக் கற்பனையாற் காட்டும் நாவல்கள் இருபதாம் நூற்றாண்டின் முற்பாதியில் ஐரோப்பாவில் தோன்றின. உருசியரான சம்யாத்தின் 1920, 1921-ஆம் ஆண்டுகளில் எழுதிய ‘நாம்’, ஆல்டஸ் ஹக்ஸ்லியின் ‘பிரேவ் நியூ வேர்ல்டு’ (1932), ஜார்ஜ் ஆர்வெலின் ‘1984’ (1949) ஆகியன அவற்றுள் தலையாயன. இவற்றிற் காணும் சிந்தனை ஒடுக்கத்தையும் குடும்பச் சிதைவையும் வெவ்வேறு கொடுமைகளாக எண்ணுதல் இயல்பு. இரண்டும் ஒன்றே என்பது எம் கருத்து.

முன்னிரண்டு நாவல்களிலும் அரசு குடும்பத்தை வெளிப்படையாகவே நீக்கிவிடுகிறது. ஹக்ஸ்லியின் உலகில் குழந்தைகள் புட்டிகளில் வளர்கின்றன. ‘தாய்’ என்பது நாவால் உரைக்கத் தகாத இழிசொல். சம்யாத்தின் காட்டும் அரசில் மக்களுக்குப் பெயரில்லை, எண்ணே உண்டு. ஓ-90 என்னும் பெண், தாய்மைக்கென வகுத்த உயரத்திற்குப் பத்துச் செண்டிமீட்டர் குறைந்தவளாதலின் பிள்ளைபெறும் உரிமை அற்றவள்.

ஆர்வெலின் ஓஷியானியாவிலோ குடும்பம் உண்டு. பெற்றோர் மக்கள்பால் அன்பு செலுத்துவதையும் கட்சி தடுப்பதில்லை. இதனையே யாம் கொடிதினுங் கொடிது என்போம். குடும்பத்தைக் கலைப்பதினும் அதனை ஒற்றர் கூட்டமாக மாற்றுதல் கட்சிக்குப் பயன் மிகுதி. தொலைத்திரை முகத்தையும் குரலையும் அறியும். ஒருவனை அணுகி அறிந்தவர் அவன் வீட்டாரே.

பார்சன்ஸ் என்பானின் நிலை இதற்குச் சான்று. நாவலின் தொடக்கத்தில், அவன் வீட்டுச் சமையலறைத் தொட்டியின் அடைப்பை நீக்கக் கதைத்தலைவன் வின்ஸ்டன் செல்கிறான். ஒன்பது வயதுச் சிறுவனும் ஏழு வயதுத் தங்கையும் அவனைத் துரோகி எனக் கூவிச் சுற்றி வருகின்றனர். ஈராண்டிற்குள் இவர்கள் தம் தாயைக் காட்டிக்கொடுப்பர் என அவன் எண்ணுகிறான். அகப்பட்டவனோ தந்தை, கட்சியை ஐயுற்றறியாத பற்றாளன். உறக்கத்தில் அவன் பெரியண்ணனுக்கு எதிராகப் பிதற்றியதை மகள் சாவித்துளை வழியே கேட்டு மறுநாளே காவலர்க்கு உரைத்துவிட்டாள். சிறையில் அவன் மகளை நொந்துகொள்ளவில்லை. நன்கு வளர்த்தோம் எனப் பெருமிதம் கொள்கிறான்! உறங்குவோன் தன் எண்ணத்தை மறைத்தல் இயலாது. அவன் அஞ்சாது உறங்குதற்குரிய இடமோ வீடு. எண்ணத்தைப் பற்றுதற்கு உறவே கருவியாதலை ஈண்டுக் காண்கிறோம்.

உறவைச் சிதைக்கும் கட்சி உறவுப்பெயரை மட்டும் விடுவதில்லை. தலைவனுக்கே அதனைச் சூட்டுகிறது. இம்முரண்பாட்டைக் கதையுள் வரும் கோல்ட்ஸ்டீன் நூலும் சுட்டுகிறது. ஆங்கிலேயர் தமையனைப் பெயர் சொல்லியே அழைப்பர். அண்ணன் என விளித்துப் பழகிய தமிழ்ச் செவிக்குப் ‘பெரியண்ணன்’ என்பதன் வஞ்சகம் மூலத்தினும் கூர்மையாகப் படும்.

கட்சி வகுக்கும் ‘நியூஸ்பீக்’ மொழி சொற்களைக் குறைத்து எண்ணத்தைக் குறுக்குவது. விடுதலையைக் குறிக்கும் சொல் அதில் எஞ்சும். நாய் பேனின்றி இருக்கிறது என்பது போன்ற பொருளில் மட்டும். ஆயின், சொல்லின்றி நிகழும் அன்பை இம்மொழி என் செய்யும்? வின்ஸ்டனின் சிறுவயது நினைவு ஒன்று இவ்வினாவை எழுப்புகிறது. பஞ்சக் காலத்தில் கிடைத்த சாக்லேட்டில் முக்காற் பங்கைத் தாய் அவனுக்கே தந்தாள். நோயுற்ற தங்கையின் காற்பங்கையும் அவன் பறித்தோடினான். தாய் அக்குழந்தையைக் கையால் வளைத்து மார்போடு அணைத்துக்கொண்டாள். அவ்வணைப்பால் பசி தீராது, சாவும் விலகாது. எனினும் அணைத்தாள். பயன் கருதாத அச்செயலே, எந்த ஆவணமும் திருத்த இயலாத சான்றாக அவனுள் நெடுங்காலம் நின்றது.

அதனையும் இறுதியில் அரசு வென்றுவிடுகிறது. சிறை மீண்டு உணவுவிடுதியில் தனித்திருக்கும் அவனுக்கு, தாயோடும் தங்கையோடும் பாம்பு ஏணி விளையாட்டு ஆடி மகிழ்ந்த ஒரு பொழுது நினைவில் எழுகிறது. பொய் நினைவு என அதனைத் தானே தள்ளிவிடுகிறான். பெரியண்ணனை அவன் நேசிப்பது இதற்குப் பின்னரே. காதலி ஜூலியாவைக் காட்டிக்கொடுத்த 101-ஆம் அறையினும் இவ்விடத்தேதான் கட்சியின் வெற்றி நிறைவுறுகிறது என்பது எம் துணிபு. அங்கே எலிக்கூடு இருந்தது; இங்கே வற்புறுத்துவார் ஒருவரும் இல்லை.